ஒன்பது நாள் பட்டினிக்குப் பிறகு இரண்டு கரண்டி பால்

உடம்பிலுள்ள கலங்கள், அதாவது செல்கள், சக்தியை எப்படிச் சேமிக்கின்றன, எப்படிச் செலவழிக்கின்றன என்ற பாடத்தை நீங்கள் எல்லோரும் உயர்தர வகுப்பில் படித்து, பரீட்சை எழுதி, மறந்திருப்பீர்கள். நானும் மறந்திருந்தேன். பிறகு ஒரு வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு அந்தப் பாடம் இரண்டு கதவுப் பலகைகளில் படுத்தபடி எங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேர்ந்தது.

நேரத்தை இவ்வளவு திட்டமாகச் சொல்கிறேனே என்று யோசிக்க வேண்டாம். பணியில் இருந்த காலம் முழுவதும் குறிப்பெழுத ஒரு கொப்பி வைத்திருந்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இன்னும் கொப்பி வைத்திருக்கிறேன். இந்தக் கதையில் உள்ள நேரங்கள், அளவுகள் எல்லாம் அதிலிருந்து எடுத்தவை. பேச்சுகள் நினைவிலிருந்து எழுதியவை. எது எதிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

புதிதாகத் தாதிகளாக வந்திருக்கும் உங்களுக்கு இரத்தப் பரிசோதனை முடிவு அரை மணித்தியாலத்தில் கையில் கிடைக்கிறது. நான் சொல்லப் போவது அப்படி ஒன்றும் இல்லாத போர்க்காலம். மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாய்ப் பக்கத்தில் ஒரு சிற்றாஸ்பத்திரி. ஆறு கட்டில், நான்கு ஆண்களுக்கு, இரண்டு பெண்களுக்கு, நடுவில் ஒரு துணி மறைப்பு. மின்சாரம் போய் வருடக் கணக்காகியிருந்தது. எங்களுக்கு வைத்தியராக இருந்த அப்போதிக்கரி ஐயா மருந்து எடுத்து வரப் புதன்கிழமை பட்டணத்துக்குப் போனார். அன்று மத்தியானமே நடுவழியில் இருந்த காவலரணில் வீதியை மூடிவிட்டார்கள். ஊருக்குள் பகலில் நடமாடலாம், ஊரை விட்டு வெளியே போக முடியாது. ஆஸ்பத்திரியில் மிஞ்சியது நானும் சிற்றூழியராக இருந்த ஓர் அக்காவும்தான். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து பெரியமடுவில் குடியேறிய குடும்பம் அவருடையது. தன் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருப்பதால் எழுதவில்லை.

பலகைகளில் வந்தவர்கள் சந்தியோகு என்ற கடற்தொழிலாளியும் அவருடைய மனைவியின் தம்பி லெம்பேட்டும். கார்த்திகை மாதக் கடலில் எஞ்சின் பழுதாகி, காற்று தெற்கே இழுத்துக்கொண்டு போக, ஒன்பது நாள் வள்ளத்திலேயே கிடந்திருக்கிறார்கள். மழை பெய்ததால் பொலித்தீனில் தண்ணீர் பிடித்துக் குடித்துப் பிழைத்தார்கள். சாப்பாடு என்று சொல்ல ஒன்றுமில்லை. வேறோர் ஊர் வள்ளம் கண்டு, கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தது. ஊரில் ஏற்கெனவே இருவருக்கும் இறந்தவர்களுக்கான செபம் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

சந்தியோகுவின் மனைவி றீற்றா பலகைக்கு முன்னால் ஓடி வந்தார். பின்னால் பாதி ஊர்.

"மிஸி, உயிர் இருக்கோ?"

"இருக்கு. ரெண்டு பேருக்கும் இருக்கு. கொஞ்சம் விலகுங்கோ, நான் பாக்க வேணும்."

அப்போது சந்தியோகு கண்ணைத் திறக்காமலே ஒரு சொல் சொன்னார்.

"பசிக்குது."

வாசலில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அழுதார்கள், சிரித்தார்கள். அந்த ஒரு சொல்லில் நானும் விழுந்துவிட்டேன். பசிக்கிறது என்று கேட்கிற நோயாளியை விட ஒரு தாதிக்குச் சந்தோசம் தருவது எது? நாக்கு வறண்டிருந்தது, தோல் வெடித்திருந்தது, நாடி மெதுவாக ஆனால் ஒழுங்காக ஓடியது. காய்ச்சல் இல்லை. ஒரு குளுக்கோசுப் போத்தலை ஏற்றிவிட்டு, சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னேன்.

அக்கா வாளியைக் கையில் வைத்தபடி பக்கத்தில் நின்றார்.

"மெல்லமா குடுங்க மிஸி. பட்டினி கெடந்த ஒடம்பு."

"அக்கா, ஒன்பது நாள் சாப்பிடாத மனிசனுக்குச் சாப்பாடுதானே மருந்து?"

"நீங்க படிச்சவங்க. எனக்குத் தோணிச்சு, சொன்னேன்."

வாளியைக் கழுவப் போய்விட்டார். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க அரை நிமிடம் போதும். உங்களில் யாராவது இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பந்தியை மட்டும் வாசிப்பதானால் இதை வாசியுங்கள்.

கொப்பியில் வலப் பக்கம் சந்தியோகு, இடப் பக்கம் லெம்பேட். வியாழக்கிழமை சந்தியோகு சாப்பிட்டவை: சீனித் தேத்தண்ணி மூன்று கோப்பை, பாணும் சீனியும் நான்கு துண்டு, இரண்டு கதலிப்பழம், தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி இரண்டு கிண்ணம். லெம்பேட்டுக்குச் சீனித் தேத்தண்ணியின் மணமே ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததை எல்லாம் கக்கினார். போத்தல் ஏற்ற நரம்பும் அகப்படவில்லை. மூன்று தடவை குத்திப் பார்த்துவிட்டு விட்டேன். அக்காதான் கரைத்த பால்மாவையும் தெளிந்த மீன் சொதியையும் மாறி மாறி இரண்டு இரண்டு கரண்டியாக அவருக்கு ஊட்டினார். லெம்பேட்டை நினைத்துத்தான் நான் கவலைப்பட்டேன். இந்த விபரத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை சந்தியோகு எழுந்து உட்கார்ந்து பகிடி விட்டார்.

"ஒன்பது நாளும் இவன் பாடினவன், மிஸி. அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் ஒரு கப்பலும் கிட்ட வரேல்ல."

"நான் பாடேல்ல அத்தான், செபம் சொன்னனான்."

"அதுக்குத்தான் அந்தோனியாரும் கிட்ட வரேல்ல."

றீற்றா கட்டிலை விட்டு விலகவில்லை. சோறு கொண்டு வந்தார், சொதி கொண்டு வந்தார், சர்க்கரை போட்டு மா உருண்டை பிடித்துக்கொண்டு வந்தார். கேட்கும்போதெல்லாம் நான், "குடுங்கோ, குடுங்கோ" என்றேன். பின்னேரம் கொப்பியில், 'நன்றாகச் சாப்பிடுகிறார்' என்று எழுதி, சிவப்புப் பேனையால் கீழே கோடும் போட்டேன்.

சனிக்கிழமை காலை எட்டுப் பத்து. சந்தியோகுவின் கையில் கொடுத்த கோப்பை நழுவி விழுந்தது. என் இரண்டு விரலை நீட்டி, "இறுக்கிப் பிடியுங்கோ" என்றேன். விரலைச் சுற்றி அவர் விரல்கள் வந்தன, பிடி இல்லை. பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. நாடி நூற்றிருபதுக்கு மேல், இடையிடையே ஒரு துடிப்பு விட்டு ஓடியது. மூச்சு மேலோட்டமாக, நெஞ்சைத் தூக்கவே பாரமாக இருப்பது போல. பெயரைக் கேட்டால் யோசித்துத்தான் சொன்னார்.

என் கை தானாகவே இன்னொரு குளுக்கோசுப் போத்தலை எடுத்தது. நெருக்கடியில் கை பழகிய இடத்துக்குத்தான் போகும். மூடியைத் திறந்தும் விட்டேன். அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து லெம்பேட் கேட்டார்:

"மிஸி, வெளியில போய் ஒரு பீடி பத்தலாமோ?"

திரும்பிப் பார்த்தேன். காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். கண் தெளிவாக இருந்தது. ஒரே வள்ளம், ஒரே வெயில், ஒரே மழைத்தண்ணீர், ஒரே ஒன்பது நாள். சாப்பிட்டவர் சரிகிறார், சாப்பிடாதவர் பீடி கேட்கிறார்.

போத்தலைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தேன். வலப் பக்கத்தையும் இடப் பக்கத்தையும் வரிவரியாக வாசித்தேன். நோயாளி மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மூன்று நிமிடம் உட்கார்ந்து வாசிப்பது எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். ஓடித் திரிந்தால் வேலை செய்கிறவள் போலத் தெரியும். உட்கார்ந்தால் கைவிட்டவள் போலத் தெரியும். ஆனாலும் உட்காருங்கள்.

வாசித்து முடித்ததும் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, வியாழக்கிழமை மெல்லமா குடுக்கச் சொன்னீங்களே. ஏன்?"

"எங்க தோட்டத்துல பஞ்சம் வந்த வருசம் மிஸி, நான் சின்னப் புள்ள. மரவள்ளியும் இல்லாம ஆளுங்க லயத்து வீட்டுலயே சுருண்டு கெடந்தாங்க. அப்புறம் மாவு வந்திச்சு. வந்த அன்னிக்கு வயிறாரத் தின்னவங்கதான் மொதல்ல படுத்தாங்க. எங்க சித்தப்பாவுக்கு இப்பிடித்தான் காலு வீங்கிச்சு."

"பிறகு?"

பிழைக்கவில்லை என்று தலையை ஆட்டினார். அதற்கு மேல் கேட்கத் தேவையிருக்கவில்லை.

அந்த நேரத்தில் பயிற்சிக் கல்லூரியில் கேட்ட ஒரே ஒரு வரி எனக்குள் எழும்பி வந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சிறைமுகாம்களிலிருந்து விடுபட்ட பட்டினிக்காரர்களில் பலர், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு இறந்தார்கள். விரிவுரையாளர் அதைச் சொல்லிவிட்டுக் கலங்களுக்குப் போனார். பரீட்சைக்கு வராது என்று நாங்கள் எழுதிக்கொள்ளவில்லை.

இப்போது நான் அதை உங்களுக்குச் சொல்ல வேண்டிய முறையில் சொல்கிறேன்.

உடம்பு சீனியைக் கிளைக்கோசனாக ஈரலிலும் தசையிலும் கொஞ்சம் வைத்திருக்கிறது. ஈரலில் உள்ளது ஒரு நாள் பட்டினிக்குக்கூடச் சரியாகக் காணாது. எங்கள் கரையில் மண்ணெண்ணெய் எஞ்சினைக் கிளப்ப ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் கொண்டு போவார்கள். அந்த அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முடிந்ததும் கலங்கள் கொழுப்புக்கு மாறும். கொழுப்புத்தான் பெரிய பீப்பாய். சந்தியோகுவின் கலங்கள் ஒன்பது நாளும் அதில்தான் ஓடின. செலவைக் குறைத்து, நாடியை மெதுவாக்கி, உள்ளே இருந்த உப்புகளைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுத்து, ஒரு சிக்கன வாழ்க்கைக்குப் பழகியிருந்தன. இரத்தத்தை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். கலத்துக்குள் இருப்பு வற்றியிருக்கும்.

அந்த நிலையில் நான் சீனியைக் கொட்டினேன். சீனி வந்ததும் இன்சுலின் எழும்பி எல்லாக் கலங்களின் வாசலையும் திறந்தது. உள்ளே போகும் ஒவ்வொரு குளுக்கோசிலும் முதலில் ஒரு பொசுபேற்று ஏற வேண்டும். அது ஏறாமல் எரிக்கவும் முடியாது, சேமிக்கவும் முடியாது. எரித்துக் கிடைக்கும் சக்தியைக் கலம் கையில் வைத்திருப்பதும் ஏ.ரி.பி. என்ற வடிவில்தான், அதிலும் மூன்று பொசுபேற்று. ஆக, எல்லாக் கலமும் ஒரே நேரத்தில் இரத்தத்திலிருந்த கொஞ்சநஞ்சப் பொசுபேற்றை இழுத்துக்கொண்டன. கூடவே பொட்டாசியமும் போயிற்று. சீனியை எரிக்க வேண்டிய பி1 உயிர்ச்சத்தும் தீர்ந்தது. ஒரு நிமிடமும் ஓய்வெடுக்க முடியாத தசைகள் இரண்டு: இதயமும் மூச்சுத் தசையும். சுற்றிலும் சீனி குவிந்து கிடக்க, அவை வேலை செய்யச் சக்தியில்லாமல் தவித்தன. பட்டினியில் பிழைத்த மனிதரை நான் சாப்பாட்டால் சாய்த்துக்கொண்டிருந்தேன்.

என் ஊகம் சரியா என்று பரிசோதிக்க அங்கே வழியில்லை. இடப் பக்கமும் வலப் பக்கமும் மட்டும்தான் ஆதாரம். திறந்த குளுக்கோசுப் போத்தலைத் தூர எடுத்து வைத்தேன். மேசையில் இருந்த சோற்றையும் மா உருண்டையையும் எடுத்தேன். பி1 ஊசி எங்களிடம் தாராளமாக இருந்தது, அதைப் போட்டேன். பொசுபேற்றுக்குப் பாலும் மீன் சொதியும், பொட்டாசியத்துக்கு இளநீரும், எல்லாம் கரண்டிக் கணக்கில். இன்று உங்களுக்கு ஒழுங்கான அளவுகள் இருக்கின்றன. அவற்றைப் பின்பற்றுங்கள், என்னுடையதை வேண்டாம்.

பிறகு றீற்றாவிடம் சொல்ல வேண்டியிருந்தது.

"இனிச் சோறு இல்லை. மணித்தியாலத்துக்கு இரண்டு கரண்டி பால். அவ்வளவுதான்."

அவர் என்னையே பார்த்தார். "நேற்று நீங்கள்தானே 'குடுங்கோ, குடுங்கோ' எண்டியள்?"

"ஓம்."

"இண்டைக்குப் பறிக்கிறியள்."

"ஓம். நேற்றுச் சொன்னது பிழை. என்ர பிழை."

"பிழை எண்டு சொல்ல உங்களுக்கு இவ்வளவு லேசோ? ஒன்பது நாளும் கடல் செய்யேலாததை ரெண்டு நாளில நீங்கள் செய்து போட்டியளே!"

அது உண்மை. ஆனால் பிழையை ஒத்துக்கொண்டதால் ஒரு நன்மை கிடைத்தது: அடுத்ததை அவர் கேட்டார். மழுப்பியிருந்தால் கேட்டிருக்கமாட்டார்.

"றீற்றா, கடலுக்குப் போறதுக்குக் காவலரணில பாஸ் குடுக்கிறாங்கள்தானே. ஒரு நாளைக்கு இருபது பாஸ்தான் எண்டால், இருநூறு பேர் ஒரேயடியா வந்து நிண்டா என்ன நடக்கும்?"

"அடிபாடுதான்."

"அதுதான் இவற்ர உடம்பில நடக்குது. சாப்பாடு உள்ளுக்குப் போக ஒரு பாஸ் வேணும். இருந்ததை எல்லாம் முதல் வந்த ஆக்கள் பிடுங்கிக்கொண்டு போயிட்டினம். நெஞ்சுக்கு ஒண்டும் மிஞ்சேல்ல."

"அப்ப அந்தப் பாஸை எங்க எடுக்கிறது?"

"பாலில இருக்கு. மீனில இருக்கு. வர வர, அந்த அளவுக்குத்தான் சாப்பாடு விடலாம்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "நாளைக்கு நேர்த்தி. அந்தோனியாருக்குக் கஞ்சி. அவர் திரும்பி வந்தால் அவருக்குத்தான் முதல், பிறகுதான் ஊருக்கு எண்டு நேர்ந்தனான். அவர் சாப்பிடாமல் பானையை இறக்கேலாது. நீங்கள் என்னெண்டாலும் செய்யுங்கோ, நேர்த்தியில கை வைக்காதேங்கோ."

அன்று பகல் முழுவதும் நானும் அக்காவும் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் கரண்டி பிடித்தோம். நாடி இறங்கவில்லை, ஏறவும் இல்லை. கொப்பியில் 'மாற்றம் இல்லை' என்று ஒன்பது தடவை எழுதியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பானையைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு ஊரே ஆஸ்பத்திரி முற்றத்துக்கு வந்துவிட்டது. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்ட கஞ்சி. மணம் ஆறு கட்டிலுக்கும் வந்தது. முன்னால் நின்ற ஒருவர் பெரிய அகப்பையால் ஒரு கிண்ணம் நிரப்பிக்கொண்டு உள்ளே வரப் பார்த்தார். நான் வாசலில் நின்றேன்.

"இவ்வளவும் குடுக்கேலாது."

"மிஸி, ஊர் பசியோட நிக்குது."

"விளங்குது. இது அவருக்கு ஆகாது."

பின்னாலிருந்து ஒரு குரல்: "சைவக்காரிக்கு எங்கட நேர்த்தி விளங்குமோ?"

நான் திருக்கேதீஸ்வரப் பக்கம். அது எல்லோருக்கும் தெரியும். கோபம் வந்தது. கோபத்தோடு பதில் சொல்லியிருந்தால் அந்தக் கிண்ணம் உள்ளே போயிருக்கும். அதனால் கேட்டவரை விட்டுவிட்டு றீற்றாவிடம் கேட்டேன்.

"நீங்கள் நேர்ந்தது எப்பிடி? ஒரு கிண்ணம் எண்டு நேர்ந்தியளோ? வயிறு நிறைய எண்டு நேர்ந்தியளோ?"

றீற்றா யோசித்தார். கையில் செபமாலை. அவர் பொய் சொல்லியிருக்கலாம். எல்லோரும் அவர் பக்கம்தான் நின்றார்கள்.

"அளவு ஒண்டும் சொல்லேல்ல," என்றார். "முதல் அவர் வாயில வைக்க வேணும் எண்டுதான் சொன்னனான்."

"அப்ப ஒரு தேக்கரண்டி. அதுக்கு நான் ஓம்."

முற்றத்தில் முணுமுணுப்பு. றீற்றா கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார். என் மேசையிலிருந்த மருந்துக் கரண்டியைத் தானே எடுத்து, பானையில் தோய்த்து, உள்ளே கொண்டு போனார். சிலுவை போட்டுவிட்டு ஊட்டினார். சந்தியோகு விழுங்க நேரம் எடுத்தது. எல்லோரும் சன்னலில். அவர் நாக்கைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்:

"உப்புக்... காணாது."

"உயிர் வந்திட்டுதடா!" என்று யாரோ கத்தினார்கள். ஊர் பானைக்குப் போனது.

நான் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். சந்தியோகு கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக் கூப்பிட்டார்.

"மிஸி. அவளை மறியுங்கோ."

"ஆரை?"

"றீற்றாவை. நான் கடலில நிண்டால் அவள் சாப்பிடமாட்டாள். எனக்குத் தெரியும்."

வெளியே பார்த்தேன். றீற்றா படியில் உட்கார்ந்து, நிறைந்த கிண்ணத்தை மடியில் வைத்திருந்தார். முதல் வாய்க் கஞ்சி உள்ளே போய்விட்டது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"எப்ப சாப்பிட்டனீங்கள்?"

"இப்பத்தானே சாப்பிடுறன்."

"இதுக்கு முதல்?"

றீற்றா கிண்ணத்தை இறுக்கிப் பிடித்தார். அக்கா பக்கத்தில் வந்து குந்தினார். "சொல்லுங்கம்மா. ஏச மாட்டாங்க."

வள்ளம் வரவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து பகலில் ஒரு சீனி போடாத தேத்தண்ணி, பின்னேரம் ஒரு பிடி அவல். கணவர் கரை சேர்ந்த பிறகும் நேர்த்தி முடியவில்லை என்று அதே ஒருசந்தி விரதத்தைத் தொடர்ந்திருக்கிறார். பன்னிரண்டு நாள். அந்த நாட்களில் மூன்று நாள் அவர் என் கண்முன்னால் நின்றார். மா உருண்டை பிடித்தார், விசிறினார், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னோடு வாதாடினார். இரண்டு பக்கம் வரிவரியாக எழுதிய நான் அவரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கட்டிலில் படுத்திருப்பவர்தான் நோயாளி என்று நினைத்துவிட்டேன்.

"இதையும் பறிக்கிறியளோ?" என்றார். இந்தத் தடவை குரலில் சண்டை இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"ஓம். நேர்த்தி முடிஞ்சுது. இனி நீங்களும் பால் கரண்டிதான்."

துணி மறைப்புக்கு அந்தப் பக்கக் கட்டில் ஒன்றில் அவரைப் படுக்க வைத்தோம். அதன் பிறகு இரண்டு நாள் நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். மறைப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து, "அங்க எத்தினை கரண்டி?" என்று ஒரு குரல். அந்தப் பக்கத்திலிருந்து, "மூண்டு." "எனக்கு ரெண்டுதான் தந்தவ!" "நீங்கள் வியாழக்கிழமையே என்ர பங்கையும் சாப்பிட்டிட்டியள்." லெம்பேட் நடுவில் நின்று இரண்டு பக்கமும் செய்தி கொண்டு போனார், ஒன்றுக்கு இரண்டாக.

திங்கட்கிழமை பின்னேரம் சந்தியோகுவின் நாடி நூறுக்குக் கீழே வந்தது. துடிப்பு விடுவது அரிதாயிற்று. செவ்வாய்க்கிழமை வீதி திறந்தது; அப்போதிக்கரி ஐயா சைக்கிளில் வந்து இறங்கினார். நான் எல்லாவற்றையும் சொல்லிக் கொப்பியைக் கொடுத்தேன். அவர் நின்றபடியே வாசித்தார். சிவப்புக் கோடு போட்ட வரியில் விரல் நின்றது.

"இதை வெட்டிப் போடலாமெண்டு யோசிச்சனீங்களோ?"

"யோசிச்சனான், ஐயா."

"ஏன் வெட்டேல்ல?"

"வெட்டினால் இடப் பக்கம் மட்டும் இருந்து ஒண்டும் விளங்காது."

"ம்," என்றார். பிறகு அக்காவைத் தேடிக்கொண்டு போய், தோட்டத்துப் பஞ்சத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் கேட்டார். நான் வியாழக்கிழமை செய்திருக்க வேண்டியதை அவர் செவ்வாய்க்கிழமை செய்தார்.

உங்களுக்குச் சொல்ல வேறு பெரிய புத்தி என்னிடம் இல்லை. பட்டினி கிடந்தவர்கள் இனிமேலும் உங்களிடம் வருவார்கள்: குடிகாரர், சாப்பிட மனமில்லாத முதியவர், நீண்ட நாள் வாந்தியோடு வரும் கர்ப்பிணி. பசிக்கிறது என்று அவர்கள் சொல்லும்போது உங்கள் மனமும் என் மனம் போலவே குளிரும். குளிரட்டும். கையை மட்டும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். வந்தவரோடு வந்தவரையும் ஒரு தரம் பாருங்கள்.

புதன்கிழமை காலை எட்டு மணி. ஒவ்வொரு காலையும் செய்வது போல என் இரண்டு விரலைச் சந்தியோகுவிடம் நீட்டினேன்.

"இறுக்கிப் பிடியுங்கோ."

பிடித்தார். வலை இழுத்த கை. எலும்பு நெரிந்தது போல இருந்தது. என் முகம் சுருங்கியதைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"நோகுதோ மிஸி?"

"நோகுது," என்றேன்.

துணி மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து றீற்றா முதல் தடவையாகச் சிரித்தார்.

"நல்லா நோகட்டும்! விடாதேங்கோ, இன்னும் இறுக்கிப் பிடியுங்கோ."